மாமியார் கலந்த லோடு

முதலில் வந்தது நாற்றம். பழைய பாட்டில்களைக் கழுவி உருக்கும் தொழிற்சாலையில் நாற்றத்துக்கு என்ன பஞ்சம் என்று யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. அடுத்த மூச்சில் அது தொண்டையைக் கவ்வியது. கண்கள் எரிந்தன. உருக்கும் மெஷின் வெள்ளைப் புகையைக் கக்கியது. வெளியே ஓடுங்கள் என்று யாரோ கத்த, எல்லாரும் ஓடினார்கள்.

ஒருவன் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினான். அந்த மெஷினை ஓட்டுபவன் அவன். சுவிட்ச் அந்தப் பக்கம்தான் இருந்தது. மெஷின் நின்றது. அவன் திரும்பி வரவில்லை. மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு போய் அவனைத் தூக்கி வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்து இறங்கியபோது ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. வாசலிலேயே தொடர்ந்து நாலு தும்மல் போட்டார். ஸ்டேஷனில் அவருக்குப் பின்னால் 'தும்மல் மேடம்' என்று ஒரு பெயர் உண்டு. தூசி என்று எழுதிக் காட்டினாலே போதும், தும்முவார். அப்படிப்பட்டவரைக் குப்பை சம்பந்தப்பட்ட வழக்குக்கு அனுப்பினார்கள். மேலதிகாரிகளுக்கும் நகைச்சுவை உணர்வு இருக்கத்தான் செய்கிறது.

முதலாளியின் அறை. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல மேடம். சங்கத்துத் தலைவி."

"எந்தச் சங்கம்?"

"தெருத்தெருவா பாட்டில் பொறுக்கறவங்க சேர்ந்து வெச்சிருக்கற கூட்டுறவுச் சங்கம். கொட்டகை போட்டுக் குடுத்தேன். பண்டல் கட்டற பிரஸ் குடுத்தேன். அவங்க தரம் பிரிச்சு, அமுக்கி, பண்டலா கட்டி அனுப்புவாங்க. மத்தவங்க லோடுன்னா நாங்க மறுபடி பிரிச்சுப் பார்ப்போம். அவங்க லோடு நேரா மெஷினுக்குப் போகும். அதுல மிச்சமாகற செலவை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கறோம்."

"அவ்வளவு நம்பிக்கை."

"அந்த நம்பிக்கையிலதான் கழுத்தறுத்துட்டாங்க. இன்னிக்குச் சாயங்காலம் அடுத்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறதா இருந்தோம். லாபத்துலயே பங்கு. கொள்முதல் மேசையில அவங்க ஆள் ஒருத்தர். எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ பாருங்க, பண்டலுக்குள்ள பி.வி.சி. பாட்டிலை அடைச்சு அனுப்பியிருக்காங்க."

"எதுக்கு?"

"எடைக்கு. ஒண்ணுக்கும் உதவாத பாட்டில். யாரும் வாங்க மாட்டாங்க. உள்ளே திணிச்சா நல்ல பாட்டில் எடையில போயிடும்."

"விழுந்தவர் யாரு?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "தலைவியோட மகன்."

வரவிருந்த தும்மல் வராமல் நின்றது.

"பெத்தவ, பிள்ளை ஓட்டற மெஷின்லயா விஷத்தைப் போடுவா?"

"விஷம்னு நினைச்சுப் போடலியே. எடைன்னு நினைச்சுப் போட்டாங்க. அது பிள்ளை மூச்சுல போய் முடியும்னு யோசிக்கல. அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போனா பையனுக்கு என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுத்துடுவாங்க மேடம். எழுதியே குடுத்திருக்கேன்."

புகாரில் அப்படித்தான் இருந்தது. விசாரணை முடியும்வரை அம்மாவை மகனிடம் விடக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் உத்தரவு போடவேண்டி வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவருகில் ஒரு காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்த உத்தரவைப் போட்டதில் இன்ஸ்பெக்டருக்குத் தன்மீதே எரிச்சல். எரிச்சல் வந்தால் அவருக்கு மூளை வேகமாக ஓடும். கூட இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்.

அப்போது கொள்முதல் அதிகாரி ஒரு தம்ளர் தண்ணீரோடு உள்ளே வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா, முகத்தில் பதமான கவலை. யார் லோடை வாங்குவது, யாருடையதை வேண்டாம் என்பது என்று தீர்மானிப்பவர் அவர். இரண்டு பாட்டில்களை மேசைமேல் வைத்தார்.

"இது நல்லது மேடம். இது பி.வி.சி. பார்த்தா வித்தியாசம் தெரியுதா?"

"தெரியல."

"யாருக்கும் தெரியாது. உருக்கற சூட்டுக்கு இது அமிலப் புகையா மாறிடும். இன்னிக்குப் போனது ஒண்ணு ரெண்டு இல்ல, அள்ளி அள்ளிப் போட்டிருக்காங்க. அந்தப் பையனை நான்தான் மேடம் வேலைக்கு எடுத்தேன். மனசே கேக்கல."

இன்ஸ்பெக்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு மெஷின் பக்கம் போனார். மூக்கில் கைக்குட்டை. பின்னால் ஏட்டு. அவருக்கு எதைப் பார்த்தாலும் ஒரு பழமொழி சொல்லியாக வேண்டும்.

"வேலியே பயிரை மேஞ்ச கதை மேடம்."

"எந்த வேலி, எந்தப் பயிர்னு முதல்ல பார்ப்போம்."

பாட்டில்களை மெஷினுக்குள் கொண்டுபோகும் பட்டைமேல் பாதிப் பண்டல் மிச்சமிருந்தது. எல்லாம் தட்டையாக மிதிபட்ட பாட்டில்கள். ஒவ்வொன்றின் வாயிலும் மூடி இறுகத் திருகியிருந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டை எடுத்து உறைக்குள் போட்டார். பக்கத்தில் நின்ற உதவியாளர், கழுவும் தொட்டியைக் காட்டிப் புலம்பினார்.

"இன்னிக்கு மெஷினைப் போட்ட கொஞ்ச நேரத்துலயே தொட்டி முழுக்க மூடியா மிதந்துச்சு மேடம். அள்ளி மாளல. அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

அடுத்து வாசல். வாட்ச்மேன் பயத்தில் மூன்று முறை சல்யூட் அடித்தார்.

"இந்த லோடு எப்ப வந்துச்சு?"

"நேத்து சாயங்காலம். முற்றத்துல இறக்கிட்டு லாரி போயிடுச்சு."

"அதுக்கப்புறம் வேற வண்டி?"

"தராசு அண்ணனோட டெம்போ வந்துச்சு. காயலான் கடை வெச்சிருக்காரே, அவரு. அவர் தராசு எப்பவும் அவர் பக்கமே சாயும், அதனால அந்தப் பேரு. சாம்பிள் காட்ட ஒரு பண்டல் கொண்டாந்தார். அதிகாரி சார் வேணாம்னுட்டார் போல. ஒண்ணோட வந்தார், ஒண்ணோட போனார்."

"முற்றத்துச் சாவி?"

"அதிகாரி சார்கிட்டதான். எப்பவும் அவர்கிட்டதான்."

"காலைல ஏதாவது விசேஷம்?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "விசேஷம்னு சொல்ல முடியாது. ஒரு குறும்பு போன் வந்துச்சு. வாய்ல துணி வெச்சுப் பேசற மாதிரி ஒரு ஆம்பளைக் குரல். 'இன்னிக்கு ஓட்டப் போற சங்கத்து லோடுல மாமியார் கலந்திருக்கு, நிறுத்துங்க'ன்னான்."

"என்ன கலந்திருக்கு?"

"மாமியார். நான் சொன்னேன், எங்க வீட்லயும்தான் கலந்திருக்கு, யார்கிட்ட சொல்லி நிறுத்தறதுன்னு. வெச்சுட்டேன்."

ஏட்டு சிரிப்பை இருமலாக்கப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இதைப் போய் என்னன்னு சொல்றது? அதிகாரி சார் வந்து போன் ஏதாவது வந்துச்சான்னு கேட்டார். அப்புறம் மறுபடி வந்து கேட்டார். முக்கியமா ஒண்ணும் இல்ல சார்னேன். கொஞ்ச நேரத்துல மெஷின் ஓட ஆரம்பிச்சுது."

இன்ஸ்பெக்டர் நேராக அதிகாரியின் அறைக்கு நடந்தார். மேசைமேல் ஒரு தொலைபேசி, ஒரு பூச்சாடி, தூசியே இல்லை. தும்மலும் வரவில்லை.

"லோடுல மாமியார் கலந்திருக்குன்னா என்ன அர்த்தம்?"

அதிகாரி நெற்றியைத் தடவினார். பிறகு மெல்லத் தலையாட்டினார். "யார் மேடம் சொன்னா? அது கொட்டகைப் பேச்சு. பி.வி.சி.க்கு அவங்க வெச்ச பேரு. பார்க்க அம்மா மாதிரியே இருக்குமாம், ஆனா அம்மா இல்லியாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அடிக்கடி போறேனே. போன வாரம்கூட மேசை மேசையா நின்னு பார்த்தேன். 'மாமியார் வந்துட்டா, தூக்கி வெளியே போடு'ன்னு ஒரே சிரிப்பு."

"அப்போ போன் பண்ணினது உள்ளே இருக்கற ஆளு."

"மனசாட்சி உள்ளவங்க ஒருத்தராவது இருப்பாங்கல்ல மேடம்."

"இப்படி ஒரு போன் வந்தது காலைல உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா மெஷினை ஓட விட்டிருப்பேனா?" என்றார் அதிகாரி. குரல் தழுதழுத்தது.

ஜீப்பில் ஏறும்போது ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. நுரையீரல் வீங்கியிருக்கிறது, சாயங்காலம்வரை எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கொட்டகையில் வேலை நின்றிருந்தது. தகரக் கூரை, நீள மேசைகள், ஓரத்தில் பச்சை வர்ணம் அடித்த பிரஸ். பெண்களும் ஆண்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே சாலையின் எதிர்ப்பக்கம் தராசின் டெம்போ நின்றிருந்தது. முன்பு இவர்கள் எல்லாரும் அவரிடம்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கம் வந்தபிறகு அவர் கடையில் ஈ ஓட்டுகிறார். சங்கத்துக்கு இன்று கையெழுத்து இல்லை என்று ஆகிவிட்டால், நாளைக் காலை எல்லாரும் திரும்ப அவர் வாசலில்தான் நிற்கவேண்டும். அதை அவர் டெம்போவில் சாய்ந்தபடி ரசித்துக்கொண்டிருந்தார்.

தலைவி எழுந்து வந்தாள். மெலிந்த உடம்பு. அழுத தடம் இல்லை. அழுவதை எங்கோ நிறுத்தி வைத்திருந்தாள்.

"என் பையன் எப்படி இருக்கான்?"

"டாக்டர் பார்த்துட்டிருக்கார்."

"நான் எப்போ போகலாம்?"

"விசாரணை முடிஞ்சதும்."

"நான் போட்டேன்னு சொன்னா விடுவீங்களா? சொல்லிடறேன். ஒரு தடவை பார்த்துட்டு வந்து ஜெயிலுக்கு வர்றேன்."

"பொய் சொல்லி உள்ளே போறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்," என்றார் இன்ஸ்பெக்டர். கடுமையாகத்தான் சொன்னார். வேறெப்படிச் சொன்னாலும் தன் குரல் உடைந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு எல்லாரையும் பார்த்து, "மேசைக்குப் போங்க. தினமும் செய்யற மாதிரி செய்யுங்க. நான் பார்க்கணும்," என்றார்.

மூட்டைகள் கவிழ்ந்தன. தூசி எழும்பியது. இன்ஸ்பெக்டர் தும்மிக்கொண்டே மேசை மேசையாக நடந்தார். கைகள் பேச்சில்லாமல் ஓடின. ஒரு பாட்டிலை எடுப்பார்கள், ஒரு திருகு, மூடி காலடி வாளியில் விழும், பாட்டில் கூடைக்குப் போகும். டக், டக் என்று வாளிகள் நிரம்பின.

"ரோட்டுல எடுக்கும்போதே மூடியைக் கழட்டிட்டா என்ன?" என்றார் ஏட்டு.

"கழட்டினா காத்து புகுந்து பாட்டில் உப்பிக்கும்," என்றாள் ஒருத்தி. "மிதிச்சு, மூடி போட்டு இறுக்கிட்டா சாக்குல நிறையக் கொள்ளும். இங்க வந்துதான் திறப்போம். மூடியைத் தனியா விக்கறோம். அது மருந்துச் செலவுக்கு. நாங்களா ஆரம்பிச்சதுதான்."

கடைசி மேசையில் கனத்த உடம்புக்காரம்மா ஒருவர் ராணி மாதிரி முக்காலியில் வீற்றிருந்தார். கொட்டகையே அவரை அத்தை என்று அழைத்தது. அவர் பக்கத்தில் நின்ற இளம்பெண் ஒரு பாட்டிலை மடக்கிப் பார்த்தாள். மடக்கிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது.

"விருந்தாளி," என்று குரல் கொடுத்து அதைத் தனிச் சாக்கில் எறிந்தாள்.

இன்ஸ்பெக்டர் நின்றார். "அதுக்கு என்ன பேரு சொன்னே?"

"விருந்தாளி மேடம். பி.வி.சி. கூப்பிடாமலே வந்து உக்காந்துக்குமில்ல."

"மாமியார்னு சொல்ல மாட்டீங்களா?"

டக் டக் சத்தம் எல்லா மேசையிலும் ஒரே சமயத்தில் நின்றது. எல்லாருடைய கண்ணும் அத்தையிடம் போனது. அத்தை மெல்ல நிமிர்ந்தார்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல, யாரும் சொல்லல," என்று இளம்பெண் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு பிரஸ்ஸின் பின்னால் போனாள். "மேடம், அவங்க என் வீட்டுக்காரரோட அம்மா. ஆரம்பத்துல, அதிகாரி சார் பயிற்சி குடுக்க வந்தப்போ, நாங்க அதை மாமியார்னுதான் சொல்லிட்டிருந்தோம். அப்புறம் இவங்களும் வேலைக்கு வந்து சேர்ந்தாங்க. நான் பழக்க தோஷத்துல 'மாமியார் வந்துட்டா, தூக்கி வெளியே போடு'ன்னு கத்திட்டேன். அவங்களுக்கு அந்தக் கதை தெரியாது. முக்காலியோட என்னைத் துரத்தினாங்க."

"அப்புறம்?"

"சமாதானம் ஆகறதுக்கு தலைவிக்கா வந்து பேச வேண்டியிருந்துச்சு. அன்னிக்கே பேரை மாத்திட்டோம். அது ஆச்சு, மழைக்கு முன்னாடி. இப்போ எல்லாருக்கும் விருந்தாளிதான் வாயில வருது. வீட்டுக்கு நிஜமா விருந்தாளி வந்தாக்கூட மடக்கிப் பார்க்கத் தோணுது."

இன்ஸ்பெக்டரும் சிரித்தார். அவர் வீட்டிலும் ஒரு மாமியார் உண்டு. நாற்காலி எறியும் ரகம். பாதிச் சிரிப்பில் நிறுத்தினார். ஏட்டைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். ஏட்டு பழமொழி எதுவும் சொல்லாமல் பின்வாசல் வழியாக ஓடினார். அவர் அப்படிப் போவது அபூர்வம்.

மாலை ஆனது. முதலாளியின் கார் வந்தது. பின்னால் அதிகாரி. அவர் கையில் காகிதக் கட்டு. சங்கத்தோடு எல்லாம் முடிந்தது என்று நேரில் சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார் முதலாளி. தராசும் வாயெல்லாம் பல்லாக உள்ளே நுழைந்தார்.

"பத்து நிமிஷம்," என்றார் இன்ஸ்பெக்டர். "உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். தலைவி நின்றாள்.

"முதல்ல மூடி." இன்ஸ்பெக்டர் உறையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து மேசையில் வைத்தார். "இது மெஷின்ல மிச்சமிருந்த பண்டல். எல்லாத்துலயும் மூடி இருக்கு. இந்தக் கொட்டகை மேசையைத் தாண்டற பாட்டிலுக்கு மூடி இருக்காது. அதோ வாளிகளைப் பாருங்க. அப்போ அந்தப் பண்டல் இங்க கட்டினது இல்ல. ரோட்டுலேர்ந்து வந்ததை அப்படியே அமுக்கற இடத்துல கட்டினது."

முதலாளி குனிந்து பார்த்தார். "எங்க?"

"பிரஸ் இருக்கற காயலான் கடையில. அதிகாரி சார், போன வாரம் இங்க வந்தீங்கன்னு சொன்னீங்க."

"ஆமா மேடம்."

"எந்த மேசையில அந்த மாமியார் ஜோக்கைக் கேட்டீங்க?"

அதிகாரி கொட்டகையைக் கண்ணால் அளந்தார். எல்லா மேசையும் அவருக்கு ஒன்றுதான். கடைசி மேசையைக் காட்டினார். "அங்கதான். அந்தப் பொண்ணுதான் சத்தமா சொல்லிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

முக்காலி நகர்ந்த ஓசை கேட்டது. அத்தை எழுந்து நின்றார்.

"என் எதிர்லயா? போன வாரமா?" மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "சொன்னியாடி?"

"சத்தியமா இல்ல அத்தை."

"இல்ல சார்," என்றார் அத்தை அதிகாரியிடம். "நான் வந்த நாள்லேர்ந்து அந்த வார்த்தை இந்தக் கூரைக்குக் கீழ விழுந்ததில்ல. விழுந்திருந்தா இந்த முக்காலி இப்படி முழுசா நிக்காது."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"பேரு மாறி மாசக்கணக்காச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "பயிற்சி குடுக்க ஆரம்பத்துல வந்தீங்க. அப்போ கேட்ட பேரு அது. அதுக்கப்புறம் எட்டிப் பார்க்கல. மூடி கழட்டறாங்கன்னும் தெரியாது, பேரை மாத்தினாங்கன்னும் தெரியாது. இன்னிக்குக் காலைல போன் பண்ணினவருக்கும் அதே பழைய பேருதான் தெரிஞ்சிருந்துச்சு."

"இங்க இருக்கறவங்க யாராவது பழைய பேரைச் சொல்லியிருக்கலாமே மேடம்," என்றார் முதலாளி. அவர் குரலில் வாதம் குறைந்து, வேண்டுதல் கூடியிருந்தது.

"இருக்கலாம். வாய் பழகினதைத்தான் வாய் சொல்லும்னாலும், அதை மட்டும் வெச்சு நான் ஒருத்தர் மேல கை வைக்க மாட்டேன். ஏட்டு."

ஏட்டு ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் ஒரு பண்டல். கட்டியிருந்த பட்டை அறுக்கப்பட்டிருந்தது. எல்லாம் தெளிவான, தட்டையான பாட்டில்கள். ஒன்றில்கூட மூடி இல்லை.

"தராசு கடைப் பின்கட்டுல, தார்ப்பாய்க்கு அடியில மேடம்."

தராசின் பல்லெல்லாம் உள்ளே போயின. "எனக்கு ஒண்ணும் தெரியாது. சார்தான் சொன்னார். உன் பண்டலை முற்றத்துல வெச்சுட்டு அவங்க பண்டல் ஒண்ணை எடுத்துட்டுப் போன்னார். உள்ளே அந்தப் பாட்டிலை வெச்சுக் கட்டச் சொன்னதும் அவர்தான். மெஷினுக்குப் போறதுக்குள்ள பிடிச்சுடுவோம், யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னார்."

"ஒண்ணோட வந்து ஒண்ணோட போனீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "வாட்ச்மேன் ரெண்டும் ஒரே பண்டல்னு நினைச்சுட்டார். சங்கத்து ஆள் கொள்முதல் மேசைக்கு வந்தா தராசு கடை லோடு உள்ளே போகாது. அதுலேர்ந்து சாருக்கு வர்ற கமிஷனும் வராது. அதனால சங்கத்துப் பேரைக் கெடுக்கணும். முற்றத்துச் சாவி கையில இருக்கு. பண்டல் மாறியாச்சு. காலைல குரலை மாத்தி ஒரு போன். உள்ளே இருக்கறவங்களே காட்டிக்குடுத்த மாதிரி இருக்கணும்னு கொட்டகைப் பேச்சுல பேசினீங்க. வாட்ச்மேன் வந்து உங்ககிட்ட அர்த்தம் கேப்பார், நீங்க விளக்கம் சொல்லி லோடை நிறுத்தி நல்ல பேரு வாங்கலாம். அதான திட்டம்?"

அதிகாரி காகிதக் கட்டை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா வாட்ச்மேன் அதைக் குறும்பு போன்னு நினைச்சார். நீங்க போய்ப் போன் வந்துச்சான்னு கேட்டீங்க. ஒண்ணும் இல்லைன்னார். மறுபடி போய்க் கேட்டீங்க. அப்பவும் இல்லைன்னார். இதைத்தான் நான் முதல்ல கவனிக்காம விட்டேன். ஒரு போனுக்காக அப்படித் தவிச்சுக் காத்திருந்த மனுஷர், அந்தப் போன்ல என்ன வரும்னு தெரிஞ்சவராத்தான் இருக்கணும்."

"யாருக்கும் கெடுதல் பண்ணணும்னு நினைக்கல மேடம்," என்றார் அதிகாரி. முதன்முறையாக அவர் குரல் நடிப்பில்லாமல் வந்தது. "மெஷினுக்குப் போறதுக்குள்ள நின்னுடும்னுதான் இருந்தேன். அப்படித்தான் நடந்திருக்கணும்."

தலைவி முன்னால் வந்தாள். அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மேசை மட்டும் இருந்தது.

"நிக்கலைன்னு எப்போ தெரிஞ்சுது?"

அதிகாரி காகிதக் கட்டின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தார்.

"மெஷின் ஓடற சத்தம் உங்க ரூம்ல கேக்குமே சார். என் பையன் சொல்லியிருக்கான், மேசைமேல தம்ளர்கூட அதிரும்னு. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றார் அதிகாரி.

"போன் உங்க மேசையிலயே இருந்துச்சு. நிறுத்துன்னு ஒரு வார்த்தை. நீங்க சொன்னா நிறுத்தியிருப்பான். உங்களைத்தான் அவன் தெய்வமா நினைச்சுட்டிருந்தான். ஏன் சொல்லல?"

"சொன்னா... எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

தலைவி அவரையே பார்த்தாள். அடிப்பாள் என்று ஏட்டு பயந்து ஓரடி முன்னால் வைத்தார். அவள் கை ஓங்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை போய் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரியையும் தராசையும் ஜீப்பில் ஏற்றினார்கள். கெடுவான் கேடு நினைப்பான் என்று ஏட்டு தொடங்கினார். இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் பாதியோடு விழுங்கிக்கொண்டார்.

முதலாளி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். எழுந்து, தலைவியின் எதிரில் வந்து நின்றார். "தப்பாப் பேசிட்டேன். என்னை மன்னிக்கணும். ஒப்பந்தம் பேசினபடியே இருக்கு. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"பேசினபடி வேணாம்," என்றாள் தலைவி. "நேரா மெஷினுக்குப் போற வழக்கம் இனிமே கிடையாது. எங்க லோடையும் மெஷின்ல ஏத்தறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பார்க்கணும். பார்க்கறது எங்க ஆளும் உங்க ஆளும் சேர்ந்து. ஆகற செலவு ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. அந்த மெஷின் முன்னாடி நிக்கறது எங்க பிள்ளைங்க."

"சரி. எழுதிடலாம்."

"நாளைக்கு எழுதுங்க. நான் படிச்சுப் பார்த்துட்டுத்தான் போடுவேன். இப்போ எனக்கு நேரமில்ல."

முதலாளி பேனாவை மூடினார். இன்ஸ்பெக்டர் போனை எடுத்து ஆஸ்பத்திரிக் கதவருகில் இருந்த காவலரைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா வர்றாங்க. கதவைத் திறந்து வை. நாற்காலியை அவங்களுக்குக் குடு."

"ஜீப்ல இடமில்லியே மேடம்," என்றார் ஏட்டு.

முதலாளியின் கார் இருந்தது. அவரே ஓட்டினார். முன்சீட்டில் இன்ஸ்பெக்டர் ஒரே ஒருமுறை தும்மினார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் வெளியே வந்து, வீக்கம் வடியத் தொடங்கியிருக்கிறது, ஆபத்தைத் தாண்டிவிட்டான், ஆனால் அதிகம் பேச வைக்காதீர்கள் என்றார். காவலர் எழுந்து கதவைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் வெளியிலேயே நின்றுகொண்டார்.

மகன் கண் மூடியிருந்தான். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். அம்மாவின் கை நெற்றியில் பட்டதும் விழித்தான். மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினான்.

"காலைலேர்ந்து பார்த்துட்டே இருக்கேன்," என்றான். குரல் காற்றாகத்தான் வந்தது. "ஏம்மா வரல?"

தலைவி முந்தானையால் அவன் வாயோரத்தைத் துடைத்தாள். நாள் முழுவதும் நிறுத்தி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"கொட்டகைல வேலை முடியலப்பா," என்றாள்.